நடந்து வென்ற படகு

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் போட்டி வைப்பதென்று வடகரைப் பாய்ப்படகுச் சங்கம் தீர்மானித்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அந்த நாட்களில் மன்னார்க் கடலில் காற்று இராது. காற்று இல்லாவிட்டால் அலை இராது. அலை இல்லாவிட்டால் மேடையில் இருந்து பார்க்கும் பிரதம விருந்தினருக்குத் தலை சுற்றாது. போன வருடம் சோளகக் காற்று வீசிய ஆடி மாதத்தில் போட்டி வைத்ததில், படகுகள் அளவுக்கு மீறி வேகமாக ஓடிவிட்டன. உரைகள் பாதியில் நிற்கும்போதே போட்டி முடிந்து, சனம் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. அந்தக் குறை இம்முறை நேரக்கூடாது என்பதில் நிர்வாக சபை ஒற்றுமையாக இருந்தது.

ஜுனைட் அந்தச் சங்கத்தின் உறுப்பினன் அல்ல. எருக்கலம்பிட்டியில் கதிரையும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவன். பேசாலைக்குக் கிழக்கே உள்ள மணற்கரையில் கதிரைகளை இறக்கி அடுக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்று வந்திருந்தான். அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவனுடைய தங்கச்சி ஷப்னாவுக்கு நிக்காஹ். வாப்பா உயிரோடு இல்லை. ஒரே ஆண்பிள்ளை அவன்தான். பெண்ணுக்குப் பொறுப்பாளியாக, ஊர் வழக்கில் சொன்னால் 'வலி'யாக, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டியவன் அவன். மாப்பிள்ளை வீட்டார் புத்தளத்தில் இருந்து வான் வண்டியில் வந்துகொண்டிருந்தார்கள். பதிவு செய்கிறவர் இருட்டுமுன் மறிச்சுக்கட்டியில் இன்னொரு நிக்காஹ்வுக்குப் போகவேண்டியவர். அவர் யாருக்காகவும் காத்திருப்பவர் அல்ல.

கடைசிக் கதிரையை இறக்கி வைத்தபோது சங்கத் தலைவர் பாலசிங்கம் அவன் பக்கம் வந்தார். கொழும்பில் ஒரு கந்தோரில் முப்பது வருடம் கையெழுத்து வைத்து ஓய்வுபெற்றவர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, தங்க நிற நங்கூரம் குத்திய தொப்பி. எல்லோரும் அவரைக் கொமடோர் என்று கூப்பிட்டார்கள்.

"தம்பி, பாரம் எவ்வளவு?"

"கதிரையோ சேர்? லேசானதுதான். ஒரு கையால தூக்கலாம்."

"கதிரையை இல்லை, உங்களைக் கேக்கிறன்."

விஷயம் இதுதான். எட்டுப் படகு, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். எட்டாவது படகில் போக வந்த டிலோஜினி என்ற பிள்ளையின் கூட்டாளிக்குக் காலையில் தின்ற இடியப்பம் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழு படகு ஓடினால் அது வெறும் போட்டி. எட்டு ஓடினால் தேசிய மட்டப் போட்டி.

"எனக்குப் படகு ஓட்டத் தெரியாது சேர். எங்கட தங்கச்சிக்கு இண்டைக்கு நிக்காஹ். நான் போகோணும்."

"ஓட்டச் சொல்லேல்லையே. சும்மா குந்தி இருங்கோ. தொடக்கக் கோட்டைத் தாண்டினாப் போதும். பேந்து நீங்கள் உங்கட பாட்டுக்குப் போகலாம்."

வயதான மனிதர், வெயிலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். ஜுனைட் பெரியவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழகாதவன். அவனுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டையைக் கொழுவிவிட்டார்கள். போட்டியாளர் கடலில் தொலைபேசி வைத்திருக்கக்கூடாது என்று சொல்லி, செயலாளர் எடித் அவனுடைய போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

போட்டிக்கு முன் விழா இருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். திறந்த கடற்கரையில் அந்தச் சுடர் ஒரு மயிர் அளவும் அசையாமல் நேராக நின்று எரிந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். பாய்களோடு கரையில் நின்ற பதினைந்து பேர் மட்டும் தட்டவில்லை. பதினாறாமவனான ஜுனைட் தட்டினான். பிறகு கொமடோர் பேசினார்.

"அன்பார்ந்தவர்களே! எமது சங்கத்தின் தலைமையை நான் ஏற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் எமது படகுகளில் ஒன்றேனும் கவிழ்ந்ததில்லை. முதல் ஏழு ஆண்டுகளும் அவை களஞ்சியத்தில் பூட்டப்பட்டிருந்தமை இச்சாதனைக்குப் பெரிதும் உதவியது. நான் படகில் ஏறுவதுண்டா எனச் சிலர் வினவுகின்றனர். நான் ஏறுவதில்லை. படகில் ஏறியவனுக்குத் தன் படகு மட்டுமே தெரியும். கரையில் நிற்பவனுக்கே சங்கம் முழுவதும் தெரியும்!"

இதற்கும் கைதட்டினார்கள். மாலையில் பிரதம விருந்தினர் வந்து பரிசளிப்பார் என்று அறிவித்தார்கள். ஹோர்ன் ஊதியது. போட்டி தொடங்கியது.

படகுகள் தொடங்கவில்லை.

எட்டுப் படகுகளும் தொடக்கக் கோட்டில் வரிசையாக நின்றன. பாய்கள் காயப்போட்ட சாரத் துணி போலத் தொங்கின. டிலோஜினி சுக்கானைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தாள். பேசாலைப் பிள்ளை. கொழும்பில் வங்கியில் வேலை, சனி ஞாயிறுகளில் அங்கே பாய்ப்படகு பழகியவள். வெற்றி பெறுகிறவருக்குத் தேசிய அணியின் பயிற்சி முகாமில் இடம் என்று சொன்னதால் இரவு பஸ்ஸில் வந்திருந்தாள்.

"கோட்டைத் தாண்டிட்டமோ தங்கச்சி?" என்று ஜுனைட் கேட்டான்.

"இன்னும் இல்லை நானா. கொஞ்சம் முன்னால சரிஞ்சு இருங்கோ."

முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல அவள் நானா என்றதும் சரிந்து இருந்தான். கரையில் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "ஆஹா, மயிரிழையில் முன்னேறுகிறது மூன்றாம் இலக்கப் படகு! விட்டுக்கொடுக்கவில்லை ஐந்தாம் இலக்கம்!" ஐந்தாம் இலக்கத்தில் இருந்த இருவரும் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

நீரோட்டம் மெல்ல எல்லோரையும் இழுத்துப்போனது. வெயில் உச்சிக்கு ஏறியபோது அவர்கள் கோட்டையும் தாண்டி, கரையில் நிற்பவர்களின் முகம் தெரியாத தூரத்துக்கு வந்திருந்தார்கள். ஜுனைட்டுக்கு நாக்கு வறண்டது. எழுந்து நிற்கும்போதெல்லாம் பாயின் அடிக்கட்டை தலையில் இடித்தது. குந்தினால் முழங்கால் நாடியில் முட்டியது. ஒரு கட்டிலின் பாதி அளவு இடம். அதற்குள் அவனும், ஒரு அந்நியப் பெண்பிள்ளையும், காற்றில்லாத ஒரு பாயும். உம்மா இந்நேரம் போனுக்கு மேல் போன் எடுத்திருப்பா என்று நினைத்தான். எடித்தின் கைப்பை அடித்துக்கொண்டே இருக்கும்.

பாதுகாப்பு அதிகாரி றெனால்ட் இயந்திரப் படகில் அவர்களைச் சுற்றி வந்தார். கழுத்தில் விசில். ஜுனைட் இரண்டு கையையும் அசைத்துக் கூப்பிட்டான்.

"அண்ணை, என்னைக் கரையில விடுங்கோ!"

"ஆபத்தில இருக்கிறீங்களோ?"

"இல்லை. அவசரத்தில இருக்கிறன்."

"ஆபத்தெண்டால் ஏத்தலாம். அவசரத்துக்கு ஏத்த விதியில்லை."

"அப்ப நான் போட்டியில இருந்து விலகிறன்."

"தாராளமா விலகலாம். ஆனா அதைக் கரைக்கு வந்து, நடுவர் சபைக்கு முன்னால நிண்டு சொல்லோணும்."

"கரைக்கு எப்பிடி வாறது?"

"போட்டியை முடிச்சிட்டுத்தான்."

ஜுனைட் டிலோஜினியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "விதி அப்பிடித்தான் நானா" என்றாள்.

"தண்ணிக்குள்ள குதிச்சால்?"

றெனால்டுக்கு முகம் மலர்ந்தது. "குதிச்சால் அது ஆபத்து. உடன ஏத்துவன். ஏத்தின ஆளைக் கூடாரத்தில படுக்க வைச்சு, டொக்டர் பாத்துத் துண்டு தந்தாப் பிறகுதான் வெளியில விடுறது. டொக்டர் பிரதம விருந்தினரோடதான் வருவார்." இயந்திரத்தைக் கிளப்பினார். அது கிளப்பிய சிற்றலையில் படகு இரண்டு முழம் பின்னால் போனது.

"எங்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப்போட்டான்" என்று டிலோஜினி பல்லைக் கடித்தாள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்து, "நிக்காஹ் எத்தினை மணிக்கு நானா?" என்று கேட்டாள்.

"அஸருக்குப் பிறகு. நான் இல்லாட்டி நடக்காது."

"வேற ஆரும் இருந்து செய்யேலாதோ?"

"நான் போனில சொல்லி ஒருத்தரை வைக்கலாம். போன்தான் எடித் மிஸ்ஸின்ர பையில கிடக்குதே. நம்பர் எல்லாம் அதுக்குள்ளதான்."

கடல் வற்றத் தொடங்கியிருந்தது. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகை 'கிறீச்' என்று மணலில் குத்தி நின்றது. ஜுனைட் குனிந்து பார்த்தான். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அடியில் ஒரு நண்டு தன் அலுவலாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி வெளியே விட்டான். பாதம் மணலில் பட்டது. மற்றக் காலையும் விட்டான். தண்ணீர் இடுப்பு வரைக்கும்தான் வந்தது.

"நானா, என்ன செய்யிறியள்?"

"நிக்கிறன்."

சுற்றிலும் ஏழு படகுகள் அப்படியே மணலில் குத்தி நின்றன. அவற்றில் இருந்த பதினாலு பேரும், இடுப்பளவு தண்ணீருக்கு நடுவில், காற்றுக்காகக் காத்திருந்தார்கள்.

தனியாக நடந்து போயிருப்பான். ஆனால் அந்தப் பிள்ளையை வெயிலில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. முன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தான். டிலோஜினி முதலில் வேண்டாம் என்றாள், பிறகு ஐயோ என்றாள், பிறகு அடிப்பலகையை மேலே தூக்கிவிட்டுத் தானும் இறங்கிப் பின்னால் இருந்து தள்ளினாள். கரைக்கு நேர்வழி இரண்டு செம்மஞ்சள் மிதவைகளுக்கு நடுவால் போனது. ஜுனைட்டுக்கு அவை என்னவென்று தெரியாது. அவற்றைத் தாண்டியதும் கரையில் ஹோர்ன் ஊதியது. அறிவிப்பாளருக்கு அழுகையே வந்துவிட்டது.

"வென்றுவிட்டது! எட்டாம் இலக்கப் படகு வென்றுவிட்டது! என்ன வேகம்! என்ன நுட்பம்!"

கரையில் கால் வைத்ததும் எடித் ஒரு மாலையைக் கொண்டுவந்து அவன் கழுத்தில் போட்டார்.

"மிஸ், என்ர போன்."

"வெற்றியாளற்ர சாமான்களைப் பரிசோட சேர்த்துத்தான் குடுக்கிறது. மேடையில வைச்சு."

"எனக்குப் பரிசு வேண்டாம். நான் போறன்."

"முதலாம் இடம் போகேலாது தம்பி. கடைசியா வந்தாப் போயிருக்கலாம்."

அந்த நேரத்தில் கடலில் நின்ற ஏழு படகுகளிலும் சிவப்புத் துணி ஏறியது. அது ஆட்சேபம். ஆட்சேபம் வந்தால் விசாரணை. விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவர்கள் இடத்தை விட்டு அசையக்கூடாது. ஜுனைட்டையும் டிலோஜினியையும் ஒரு கூடாரத்துக்குள் இருத்தினார்கள். எதிரே கொமடோரும் எடித்தும் இருந்தார்கள். சபையின் மூன்றாவது நடுவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். சபை கூடப் போதிய ஆள், அதாவது 'கோரம்', இருக்கிறது என்று எடித் பதிவு செய்தார்.

ஜுனைட்டுக்கு இது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. "சேர், குற்றம் என்ரதான். நான் ஒத்துக்கொள்ளுறன். என்னைப் போட்டியில இருந்து நீக்குங்கோ. நான் வலி. கட்டாயம் வீட்டை போகோணும்."

கொமடோர் நிமிர்ந்தார். "வலியோ? எங்க வலி?"

"நான்தான் வலி சேர்."

"விளங்குது, விளங்குது. உடம்பு முழுக்க எண்டுறியள். எடித், முதலுதவி!"

முதலுதவிக்காரர் வந்து முதுகில் தைலம் பூசினார். ஜுனைட் துள்ளினான். "உடம்பு வலி இல்லை சேர்! தங்கச்சிக்கு நான் வலி!" என்றான். "தங்கச்சிக்கும் வலியாம்" என்று சொல்லி அவர் டிலோஜினியின் பக்கம் திரும்பினார். அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"ஐயா, இவருக்கு ஒண்டும் இல்லை. இவற்ர தங்கச்சிக்குக் கலியாணம். இவர் இல்லாமல் அது நடக்காது. நாங்கள் படகு ஓட்டேல்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடந்து வந்தனாங்கள். எங்களை நீக்கிப்போட்டு இவரை விடுங்கோ."

பயிற்சி முகாம் அந்த வசனத்தோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

எடித் விதிநூலைப் புரட்டினார். அது குளிர் தேசத்துச் சங்கம் ஒன்றின் நூலில் இருந்து மொழிபெயர்த்தது. அங்கே கடல் ஆழம். இறங்கினால் ஆள் விறைத்துப்போவான். துடுப்புப் போடக்கூடாது, தடி ஊன்றக்கூடாது, இயந்திரம் பூட்டக்கூடாது, இன்னொரு படகு இழுக்கக்கூடாது என்று இருந்தது. கால் என்ற சொல் 'காற்பங்கு' என்ற இடத்தில் மட்டும் வந்தது.

கொமடோர் தொண்டையைச் செருமினார். "விதியில் நடக்கக்கூடாது என எங்கும் கூறப்படவில்லை. கூறப்படாத ஒன்றை நாம் தடுத்தால், நாளை கூறப்பட்டவற்றையும் எவரும் மதியார். வெற்றி உறுதி செய்யப்படுகிறது. பிரதம விருந்தினர் வரும்வரை வெற்றியாளர்கள் மேடையருகே காத்திருக்க வேண்டும்."

பிரதம விருந்தினர் வழியில் இன்னொரு திறப்பு விழாவில் நின்றார். ஜுனைட் யாருக்கும் சொல்லாமல், கதிரை ஏற்றிவந்த தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தடிக்குப் போனான். அதற்கு முன்னும் பின்னும் வாகனங்கள். வீதியின் வாயிலில் பொலிஸ்காரர் ஒருவர் கையை நீட்டிச் சிங்களத்தில் சொன்னது அவனுக்கு நன்றாகவே விளங்கியது. பெரியவரின் வாகனம் உள்ளே வரும்வரை எந்த வாகனமும் வெளியே போகாது. நடந்து போகலாம். நடந்தால் எருக்கலம்பிட்டிக்குப் போய்ச்சேரப் பொழுதுபட்டு மஃரிபு ஆகும்.

திரும்பி வந்து மணலில் இருந்தான். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். ஷப்னா சிறுபிள்ளையாக இருந்தபோது, புத்தளத்தில் அகதிமுகாமில், பள்ளிக்கூடம் விட்டு அவன் வர ஐந்து நிமிடம் பிந்தினாலும் வேலிக்கரையில் நின்று அழுவாள். இன்றைக்கு மருதாணிக் கையோடு அழக்கூடாது என்று நினைத்தான். அவனுக்கே கண் கலங்கியது.

டிலோஜினி வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு, "நானா, அந்தப் பனையைப் பாருங்கோ" என்றாள்.

பனையோலை அசைந்தது. மேடையின் கொடி ஒருமுறை படபடத்தது. கொஞ்ச நேரத்தில் குத்துவிளக்கு அணைந்தது.

"எருக்கலம்பிட்டிக் கரையில படகு ஏத்தலாமோ?"

"ஏத்தலாம். பள்ளிவாசலுக்குப் பின்னால மணல்தான். ஆனா, உங்கட பரிசு? முகாம்?"

"நடந்ததுக்குத் தாற பரிசு எனக்கு வேண்டாம். நான் கொழும்பில இருந்து வந்தது ஓடுறதுக்கு. எழும்புங்கோ!"

இருவரும் படகைத் தள்ளினார்கள். பாய் ஒரு தரம் உதறி, பிறகு வயிறு புடைத்து நிமிர்ந்தது. காலை முழுவதும் பிணம் போலக் கிடந்த சாமான் அது. இப்போது துள்ளியது. டிலோஜினி ஒரு கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். "இதை விடாதேங்கோ. நான் சொல்லேக்க இழுங்கோ. வெளியில சாயுங்கோ, இன்னும், இன்னும்!" ஜுனைட் பிஸ்மி சொல்லிக்கொண்டு சாய்ந்தான். முதுகில் தண்ணீர் அறைந்தது. கரை பின்னால் ஓடியது. விசில் சத்தம் கேட்டது. றெனால்டின் இயந்திரப் படகு மணல் திட்டில் ஏறி நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஏழு படகுகளிலும் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒலிபெருக்கி மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போனது. பயந்து நடுங்கவேண்டிய இடத்தில் ஜுனைட் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பள்ளிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது தொழுகை முடிந்து கனநேரமாகியிருந்தது. பதிவு செய்கிறவர் தன் பையின் பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வான்காரனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். உயிர்காப்புச் சட்டையும், உப்புப் படிந்த தலைமயிரும், சொட்டுகிற காற்சட்டையுமாக ஜுனைட் வாசலில் நின்றான்.

"எங்க இருந்து வாறீங்க?" என்றார் பதிவு செய்கிறவர்.

"கடலால வாறன் ஹசரத்."

யாரோ ஒரு சாரமும் சேர்ட்டும் கொடுத்தார்கள். அவன் மாப்பிள்ளைக்கு எதிரே இருந்து கையைப் பிடித்தான். கயிறு அறுத்த உள்ளங்கை எரிந்தது. "என்ர தங்கச்சி ஷப்னாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தன்" என்று சொல்லும்போது உப்புத் தண்ணீர் குடித்த இருமல் வந்து, இரண்டாம் முறையும் சொல்லவேண்டி வந்தது. வெளியே ஈர உடுப்போடு நின்ற டிலோஜினியை உம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய், ஷப்னாவின் சல்வார் ஒன்றைக் கொடுத்து, மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போட்டா.

மறுநாள் காலை கொமடோர் வாகனத்தில் வந்து இறங்கினார். ஒரு கையில் வெள்ளிக் கிண்ணம். மறுகையில் கடதாசி. அவன் போனும் இருந்தது. ஜுனைட்டையும், இரவு அங்கேயே தங்கிவிட்ட டிலோஜினியையும் முற்றத்தில் நிறுத்தி, நின்றபடியே வாசித்தார்.

"ஒன்று. நடந்து வந்து போட்டியை வென்றமைக்காக எட்டாம் இலக்கப் படகிற்கு முதலாம் பரிசு வழங்கப்படுகிறது. இரண்டு. சங்கத்தின் பாய்ப்படகைக் காற்றில் ஓட்டிய குற்றத்திற்காக இருவருக்கும் மூன்று ஆண்டுகள் தடை விதிக்கப்படுகிறது. முகாமுக்கான இடம் மீளப்பெறப்படுகிறது."

டிலோஜினி கிண்ணத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, தின்பண்டத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உம்மா கொடுத்த வட்டிலப்பத்தை முடித்துக்கொண்டு கொமடோர் ஜுனைட்டைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, உங்களில எனக்கு ஒரு கோபமும் இல்லை. சங்கத்துக்கு உப தலைவர் ஒருத்தர் தேவைப்படுது. கடலுக்குப் போகத் தடை உள்ள ஆள் கிடைக்கிறது அருமை. அப்பிடியான ஆள் எண்டால் முழு நேரமும் கரையில நிண்டு நிர்வாகம் பாக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ. அந்தப் படகையும் நாங்கள் ஆள் வைச்சுத் தூக்கி ஏத்தோணும். ஓட்டிக்கொண்டு போக ஆருக்கும் அனுமதி இல்லை."

ஜுனைட் பெரியவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழகாதவன். எனவே அவன் கொமடோருக்கு ஒன்றும் சொல்லவில்லை. டிலோஜினியின் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி, காத்து எப்பிடி?"

"நல்லா இருக்கு நானா."

"அப்ப வாங்கோ, உங்களைப் பேசாலையில விடுறன்."

அவர்கள் படகைத் தள்ளி ஏறினார்கள். கொமடோர் வெள்ளைச் சப்பாத்து நனையாத இடம்வரை ஓடி வந்து நின்று, தடை ஆறு வருடமாகிறது என்று கத்தினார். பாய் நிரம்பியிருந்த சத்தத்தில் அது ஒன்பதா ஆறா என்று படகில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை.